மானியம் தீர்ந்த மறுநாள்

சின்ன ஊர் மியூசியங்கள் வெளியார் பணத்தில் இன்டர்நெட்டுக்குப் போகின்றன. விளக்கேற்றி வைக்க எல்லோரும் வருகிறார்கள். எண்ணெய் ஊற்ற யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி.

தொடக்க விழாக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. வாசலில் மாவிலைத் தோரணம், மேடையில் குத்துவிளக்கு, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். பணம் கொடுத்த கம்பெனியின் அதிகாரியோ தூதரகத்தின் கலாசாரச் செயலரோ ஒரு பொத்தானை அழுத்துகிறார். திரையில் வெப்சைட் விரிகிறது. கைதட்டல். மறுநாள் பேப்பரில் படம். அதற்கப்புறம் நடப்பதற்குத்தான் படம் கிடையாது. காண்ட்ராக்ட் முடிந்து, போட்டோ எடுத்த இளைஞர் வேறு வேலைக்குப் போகிறார். முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் யாரும் திறக்காத ஈமெயில் பெட்டியில் போய் விழுகிறது. ஒருநாள் அந்த முகவரியைத் தட்டினால் பழங்காலக் காசுகள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய சமாசாரமாகத்தான் தோன்றும். ஒரு சின்ன மியூசியத்தின் வெப்சைட் மறைந்துபோனால் யாருக்கு என்ன நஷ்டம்? நாளந்தாவின் கதையைக் கேட்டால் விடை கிடைக்கும்.

பிகாரில் நாளந்தா இடிபாடுகளுக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் மியூசியம் ஒன்று இருக்கிறது. 1961 ஆகஸ்டில் அங்கிருந்து 14 வெண்கலச் சிலைகள் திருடு போயின. அவற்றில் ஒன்று 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்த, வெள்ளி பதித்த புத்தர். பல கைகள் மாறி, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஆண்டுதோறும் கூடும் கலைப்பொருள் சந்தைக்கு 2018 மார்ச்சில் அவர் விற்பனைக்கு வந்து நின்றார். சிலைத் திருட்டைத் துரத்துவதையே வேலையாக வைத்திருக்கும் தன்னார்வ அமைப்புகளைச் சேர்ந்த இருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களிடம் துப்பாக்கியும் இல்லை, போலீஸ் அதிகாரமும் இல்லை. மியூசியத்தில் இருந்த காலத்தில் எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்கள் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று லண்டன் போலீஸ் அந்தப் புத்தரை இந்தியத் தூதரிடம் ஒப்படைத்தது. 57 ஆண்டுகள் கழித்து ஒரு திருட்டு நிரூபணமானது, யாரோ ஒருவர் ஒழுங்காகப் படம் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து கடத்தப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டெல்லிக்கு வந்து அதை நேரிலேயே திருப்பிக் கொடுத்தார். அது எந்தக் கோவிலின் சிலை என்று காட்டியது, பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு. 1950-களிலிருந்தே அந்நிறுவனத்தார் தென்னிந்தியக் கோவில் கோவிலாகப் போய்ப் படம் எடுத்துவந்தார்கள். பணம் பிரெஞ்சு அரசினுடையது. எடுத்தபோது, இது ஒரு நாள் கோர்ட்டில் சாட்சி சொல்லும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நிலத்துக்குப் பட்டா எப்படியோ, பழம்பொருளுக்கு அதன் படமும் பதிவேட்டில் உள்ள வரியும் அப்படி. பட்டா இல்லாத நிலத்தை மீட்பதும், படம் இல்லாத சிலையை மீட்பதும் ஒரே அளவு கஷ்டம். 'இது எங்களுடையது' என்று சொன்னால் போதாது. எப்போது, எந்த அளவில், எந்தச் சிதைவுடன் இருந்தது என்று காட்ட வேண்டும்.

திருடன் விட்டுவைத்ததைத் தீ கொண்டுபோகும். டெல்லி மண்டி ஹவுஸ் பகுதியில் இருந்த தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் எரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 செப்டம்பர் 2 இரவு, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் தேசிய மியூசியம் எரிந்தது. அங்கே இருந்தவை சுமார் 2 கோடிப் பொருட்கள், பெரும்பகுதி சாம்பல். பேசுவதற்கு இன்று ஆளே இல்லாத பூர்வகுடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதில் அடக்கம். தீ அணைந்ததும் அந்த ஊர் மியூசியவியல் மாணவர்கள் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: மியூசியத்துக்கு வந்தபோது நீங்கள் எடுத்த போட்டோக்களை அனுப்புங்கள். 200 ஆண்டுகள் பழமையான ஒரு நிறுவனம் தன் நினைவைப் பார்வையாளர்களிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

ஆக, சின்ன மியூசியங்கள் தங்கள் பொருட்களைப் படமெடுத்து, விவரம் எழுதி, ஊருக்கு வெளியேயும் ஒரு பிரதி இருக்கும்படி செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. எப்படி, யார் பணத்தில், எத்தனை நாளைக்கு என்பதில்தான் சிக்கல்.

வாசலில் நிற்கும் பணம்

சின்ன மியூசியம் என்றால் நாட்டில் ஒரே ஜாதி இல்லை. கார்கிலில் ஒரு குடும்பம் 2004 முதல் ஒரு மியூசியம் நடத்துகிறது. அவர்களுடைய மூதாதை முன்ஷி அஜீஸ் பட் கட்டிய சத்திரத்தில், மத்திய ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் போய்வந்த சரக்குகள் தேங்கிக் கிடந்தன. எல்லைகள் அடைபட்டு வணிகம் நின்றுபோனதால் மிஞ்சியவை அவை. அவற்றைக் காயலான் கடைக்குப் போடாமல் எடுத்து அடுக்கியதுதான் மியூசியம். போபாலில் 2014 டிசம்பரில், விஷவாயு விபத்தின் 30-ம் ஆண்டில், பாதிக்கப்பட்டவர்களின் இயக்கம் ஒரு மியூசியம் திறந்தது. இறந்தவர்களின் உடைகளும், உயிர் தப்பியவர்களின் குரல்களும் அங்கே இருக்கின்றன. இவை தவிர, ஓய்வுபெற்ற வாத்தியார் தன் வீட்டுத் திண்ணையில் சேர்த்துவைத்த ஓலைச்சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் நாட்டில் எத்தனையோ ஊரில் மியூசியம் என்ற பெயரில் உயிர் வாழ்கின்றன. நுழைவுக் கட்டணத்தில் கரண்ட் பில் கட்டவே முடியாத இடங்கள் அவை. வெப்சைட் என்றால் வெளிப் பணம்தான்.

அந்தப் பணம் மூன்று வாசல் வழியாக வருகிறது. முதலாவது, அரசாங்கம். மத்திய கலாசார அமைச்சகத்தின் மானியத் திட்டத்தில் மியூசியப் பொருட்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கும் இடம் உண்டு. புனேயின் சி-டாக் நிறுவனம் 'ஜதன்' என்ற மென்பொருளையே இதற்காக உருவாக்கியது. படம், அளவு, காலம், கிடைத்த இடம் என்று ஒரே மாதிரியான கட்டங்களில் விவரத்தை நிரப்பினால், நாட்டின் மியூசியங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே தளத்தில் அது தெரியும். நல்ல யோசனை, ஒவ்வொரு மியூசியமும் தனித்தனியாக வெப்சைட் கட்டி அல்லாட வேண்டாம். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்தவை டெல்லி தேசிய மியூசியம், கொல்கத்தா இந்தியன் மியூசியம், ஐதராபாத் சாலார் ஜங் போன்ற பெரிய புள்ளிகள். திண்ணை மியூசியத்துக்கு அந்தப் பந்தியில் இலை போட இன்னும் நாளாகும்.

இரண்டாவது வாசல், கம்பெனிகள். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டின் பட்டியலில் பாரம்பரியம், கலை, கலாசாரம் ஆகியவற்றைக் காப்பதும் இருக்கிறது. ஆனால் சட்டத்திலேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பல ஆண்டுத் திட்டம் என்றாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது நீளக் கூடாது. மியூசியம் நூற்றாண்டுக் கணக்கில் யோசிக்க வேண்டிய இடம். அதற்குப் பணம் தருபவரோ மூன்று ஆண்டுக்கு மேல் யோசிக்க விதி விடவில்லை.

மூன்றாவது வாசல், வெளிநாடு. பிரிட்டிஷ் நூலகம் 2004-ல் தொடங்கிய 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்' திட்டம் உலகின் மூலைமுடுக்குகளுக்குக் கேமராவும் காசும் அனுப்பியது. அதற்குப் பின்னால் இருந்தது, பால் அட்டைப்பெட்டி வியாபாரத்தில் சேர்ந்த ஒரு ஸ்வீடன் குடும்பத்துச் செல்வம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிடந்த பழைய ஆவணங்களும் அதனால் படமாயின. இந்த வாசலில் பூட்டு கனமானது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டதும், பணம் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகத்தான் வர வேண்டும் என்றாயிற்று. நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பு 20 சதவீதமானது. எல்லாவற்றையும்விட, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கவே கூடாது என்று ஆனது. முன்பு ஒரு பெரிய அறக்கட்டளை மொத்தமாக வாங்கிப் பத்து சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இப்போது அந்தச் சின்ன அமைப்பே நேரடியாகப் பதிவு செய்து, கணக்குத் தணிக்கை செய்து, டெல்லியில் கணக்குத் திறக்க வேண்டும். கணக்கு எழுதவே ஆள் இல்லாத மியூசியம் இதை எப்படிச் செய்யும்?

போபால் மியூசியம் இதற்கெல்லாம் ஒரே பதிலை வைத்திருந்தது. அரசாங்கப் பணமும் வேண்டாம், கம்பெனிப் பணமும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தது. ஒரு கம்பெனியின் தொழிற்சாலையும் ஓர் அரசாங்கத்தின் அலட்சியமும் சேர்ந்து செய்த கொலைகளைப் பற்றிச் சொல்லும் இடம், அவர்கள் தரும் காசில் சுவரெழுப்பினால் எந்த வரியை எழுதலாம், எந்த வரியை விடலாம் என்ற கேள்வி நாளைக்கு வந்தே தீரும். எல்லா மியூசியத்துக்கும் இந்த வைராக்கியம் சாத்தியமில்லை. ஆனால் கேள்வி எல்லோருக்கும் பொது. அணைக்காக ஊரை இழந்தவர்களின் நினைவை வைத்திருக்கும் மியூசியத்துக்கு அணை கட்டிய நிறுவனம் வெப்சைட் கட்டிக்கொடுத்தால், அதில் அந்த மக்களின் கோபத்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்கப்படும்?

கூகுளின் கலைத் திட்டம் நான்காவது வாசல் மாதிரி. 2011-ல் தொடங்கிய அதில் அடுத்த ஆண்டே டெல்லி தேசிய மியூசியமும் நவீன கலைக்கூடமும் சேர்ந்தன. படத்தின் தரம் கண்ணைப் பறிக்கும். மியூசியத்துக்குச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் வீடு அவர்களுடையது. வாடகை கேட்காத வீட்டுக்காரர் எப்போது வீட்டை இடிப்பார் என்று குடியிருப்பவருக்குத் தெரியாது.

அழிந்த வெப்சைட்டுகளின் கல்லறை

வெளிப் பணத்தில் கட்டியது எப்படி அழிகிறது என்பதற்குப் பணக்கார நாடுகளே நல்ல பாடம். பிரிட்டனில் லாட்டரிப் பணத்தில் 1999-ல் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. மியூசியங்கள், நூலகங்கள், ஆவணக்காப்பகங்கள் என்று சுமார் 150 திட்டங்களுக்கு 5 கோடி பவுண்டு. உள்ளூர்ச் சரித்திரம் எல்லாம் இன்டர்நெட்டில் ஏறியது. பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோது கணிசமான முகவரிகள் இறந்துகிடந்தன. இன்னும் பல, திறந்த நாளில் இருந்தபடியே உறைந்து நின்றன. கட்டுவதற்குப் பணம் இருந்தது. கூட்டிப் பெருக்க இல்லை.

அதற்கும் முந்தைய கதை இன்னும் வேடிக்கையானது. 1086-ல் இங்கிலாந்து மன்னர் வில்லியம் நாட்டிலுள்ள நிலம், நீர், மாடு எல்லாவற்றையும் கணக்கெடுத்து எழுதவைத்தார். 'டூம்ஸ்டே புத்தகம்' என்று பெயர். அதன் 900-ம் ஆண்டையொட்டி 1986-ல் பி.பி.சி. ஒரு நவீன டூம்ஸ்டே தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகள் உள்பட சுமார் 10 லட்சம் பேர் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் அனுப்பினார்கள். எல்லாம் பெரிய லேசர் தகடுகளில் ஏறின. பதினைந்தே ஆண்டுகளில் அந்தத் தகட்டைப் படிக்கும் கருவி அருகிப்போனது. ஆட்டுத்தோலில் எழுதிய பழைய புத்தகம் அப்போதும் படிக்கும்படி இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் படாதபாடு பட்டுத் தகட்டை மீட்டார்கள். 2011-ல் பி.பி.சி. அதை வெப்சைட்டாகப் போட்டது. 2018-ல் அந்த வெப்சைட்டும் மூடப்பட்டது. அதன் பிரதி மட்டும் அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. ஒரே ஊர்ச் சரித்திரம் இரண்டு முறை செத்து, இரண்டு முறையும் வேறொருவர் தயவால் பிழைத்தது.

இது யாருடைய திறமைக் குறைவும் இல்லை. தொழில்நுட்பத்தின் சுபாவமே இதுதான். 2000-களில் மியூசியங்கள் பெருமையோடு போட்ட 'மெய்நிகர் சுற்றுலா'க்கள் பல ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடின. 2020 டிசம்பர் 31-டன் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. இரண்டு வாரத்தில் அந்தச் சுற்றுலாக்கள் எல்லாம் வெறும் சாம்பல் நிறச் சதுரங்கள். 2013-ல் இருந்த வெப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்து இல்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்கிட்டது.

இந்திய மொழிகளுக்கு இதில் தனிச் சோகம் உண்டு. 1990-களில் தமிழை இன்டர்நெட்டில் ஏற்றியவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். டிஸ்கி, டாப், டாம் என்று குறியீடுகள் வேறு. இந்திக்குக் குருதிதேவ் போல ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வம்சம். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் கல்வெட்டு வாசகம் ரோமன் எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சு செய்து, மாற்றிவைக்க ஆள் இல்லாமல் போன மியூசியக் குறிப்புகள் இன்று ஆயிரம் ஆண்டுப் பழைய வட்டெழுத்தைவிடப் படிக்கக் கடினமானவை. வட்டெழுத்தைப் படிக்க அறிஞர்களாவது இருக்கிறார்கள்.

சரி, நிலையான அரசு நிறுவனம் பணம் தந்தால் பிரச்னை தீருமா? அமெரிக்காவில் நூலகங்களுக்கும் மியூசியங்களுக்கும் மானியம் தர 1996 முதல் ஒரு தனி மத்திய அமைப்பு உண்டு. சிறிய மியூசியங்களுக்கென்றே அது ஒரு திட்டமும் நடத்தியது. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டு, அந்த அமைப்பைச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவுக்குச் சுருக்கச் சொன்னார். அடுத்த மாதமே, ஒப்புக்கொண்ட மானியங்கள் பாதி வேலையில் ரத்தாயின. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் என்ன சொன்னாலும், ஏற்கெனவே வேலையை விட்டுப்போன பணியாளர் திரும்பிவருவது நிச்சயமில்லை. உலகின் பணக்கார அரசாங்கமே ஒரு கையெழுத்தில் கை விரிக்க முடியும் என்றால், வெளிப் பணம் எதுவானாலும் ஒரு நாள் நிற்கும் என்ற எண்ணத்தோடுதான் வெப்சைட்டைத் திட்டமிட வேண்டும்.

எதைக் காட்டலாம்?

பணம் கொடுப்பவர்களுக்கு எண்ணிக்கை பிடிக்கும். 'ஐயாயிரம் பொருட்கள் ஏற்றியாயிற்று' என்று அறிக்கையில் எழுதலாம். எல்லாவற்றையும் ஏற்றத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஓர் ஏல நிறுவனம், கொம்பு பொருத்திய நாகர் மண்டையோடு ஒன்றை விற்பனைப் பட்டியலில் படத்தோடு போட்டது. நாகாலாந்து கொதித்தது. முதல்வர் நெய்பியூ ரியோ வெளியுறவு அமைச்சருக்கு எழுதினார். ஏலம் கைவிடப்பட்டது. வாங்குபவருக்கு அது கலைப்பொருள். நாகர்களுக்கு யாரோ ஒருவரின் பாட்டன். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் மியூசியம் 2020-லேயே மனித உடல் எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. காட்சிப் பெட்டியிலிருந்து எடுத்ததை வெப்சைட்டில் வைத்தால் என்ன பொருள்?

ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் என்ற சின்ன ஊரில் வாருமுங்கு பூர்வகுடிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தங்கள் கலாசார மையத்தில் உள்ள படங்களை யார் பார்க்கலாம் என்பதை அவர்கள் மரபே சொல்கிறது. சில பெண்களுக்கு மட்டும், சில குறிப்பிட்ட குடும்பத்துக்கு மட்டும். இறந்தவரின் படம் என்றால் முன்னெச்சரிக்கை. அந்த விதிகளையே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்து 'முகுர்ட்டு' என்ற மென்பொருளை, ஓர் அமெரிக்க ஆய்வாளரின் துணையுடன் உருவாக்கினார்கள். அவர்கள் மொழியில் அது பொருட்களைப் பத்திரமாக வைக்கும் பையின் பெயர். வெளி மானியங்களின் உதவியோடு வளர்ந்த அந்த மென்பொருள் இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது. பணம் வெளியாருடையது, விதி ஊருடையது. இந்த இரண்டும் சேர முடியும் என்பதற்கு அது சாட்சி.

இந்தியாவில் இன்னொரு ஜாக்கிரதையும் தேவை. கிடங்கின் எந்த அறையில், எந்த அலமாரியில் பொருள் இருக்கிறது என்பது மியூசியத்தின் உள்விவகாரம். காவலாளி ஒருவர் மட்டும் உள்ள இடத்தில் அந்தக் கட்டத்தையும் சேர்த்து இன்டர்நெட்டில் ஏற்றுவது திருடனுக்கு வழிகாட்டிப் பலகை நடுவது மாதிரி. பொருளைக் கொடுத்த குடும்பத்தின் முகவரியும் அப்படித்தான். உலகுக்கு ஒரு பட்டியல், பீரோவுக்குள் ஒரு பட்டியல் என இரண்டு வேண்டும்.

முதலில் நோட்டுப் புத்தகம்

அப்படியென்றால் வெளிப் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அது வீம்பு. பாண்டிச்சேரித் தொகுப்பு பிரெஞ்சுப் பணம் இல்லாமல் உருவாகியிருக்காது. பணம் தருபவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கே காலமெல்லாம் படியளக்க முடியாது. கேள்வி, கிடைக்கும் மூன்று ஆண்டுப் பணத்தை எதில் போடுவது என்பதுதான். இப்போது அது பெரும்பாலும் முகப்புக்குப் போகிறது. திரையில் சுழலும் படங்கள், பின்னணியில் சிதார். போக வேண்டிய இடம் பதிவேடு.

தொல்லியல் துறையிடமே அதன் வசமுள்ள பழம்பொருட்களின் மொத்த எண்ணிக்கைக்குச் சரியான பட்டியல் இல்லை என்று தலைமைத் தணிக்கை அதிகாரி 2013-ல் குறை சொன்னார். அதே அறிக்கைதான் 92 நினைவுச் சின்னங்களைக் காணவில்லை என்று சொல்லி நாட்டைத் திடுக்கிட வைத்தது. துறைக்கே அந்தக் கதி என்றால் திண்ணை மியூசியத்தைக் கேட்கவே வேண்டாம். பதிவேடு ஒழுங்காக இல்லாத இடத்தில் வெப்சைட் கட்டுவது, அஸ்திவாரம் போடாமல் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைப்பது போல.

பதிவேட்டுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். 1997-ல் வெளியான 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற சர்வதேச அளவுகோல் கேட்பது, ஒரு தாளில் அடங்கும் விவரம்தான். என்ன பொருள், எதனால் ஆனது, நீள அகலம் எடை, மேலே எழுத்து ஏதும் உண்டா, எந்தக் காலம், யார் செய்தது, எதைக் காட்டுகிறது. கூடவே முக்கியமான ஒன்று: மற்றதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் விரிசல், உடைசல், தேய்மானம். புத்தர் சிலைகள் ஆயிரம் இருக்கும். அதே இடத்தில் அதே மாதிரி மூக்கு மழுங்கியவர் ஒருவர்தான் இருப்பார். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து முன்னும் பின்னும் படம். இதைச் செய்ய ஒரு கேமரா, ஒரு மேஜை, பொறுமையான ஒரு ஆள் போதும்.

அந்த ஆள் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மானியம் வந்ததும் நகரத்திலிருந்து ஒரு கம்பெனி வந்து, ஆறு மாதத்தில் முடித்து, பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவது ஒரு வழி. ஊரிலேயே பட்டம் படித்துச் சும்மா இருக்கும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ மூன்று ஆண்டு சம்பளம் கொடுத்துப் படமெடுக்கவும் எழுதவும் கற்றுக்கொடுப்பது இன்னொரு வழி. மானியம் தீர்ந்த மறுநாள் முதல் வழியில் மிஞ்சுவது ஒரு முகவரி. இரண்டாவதில் மிஞ்சுவது, அந்தப் பொருட்களைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு மனிதர். அவர் வேறு வேலைக்குப் போனாலும் அதே ஊர்க்காரர்தான்.

மொழியும் இதோடு சேர்ந்தது. கொடையாளருக்குப் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில் மட்டும் எழுதும் குறிப்பில் உரல் என்றும் ஆட்டுக்கல் என்றும் அம்மி என்றும் வேறுபாடு இருக்காது. எல்லாம் 'அரைக்கும் கல்'. ஊர்ப் பெயரோடு எழுதியிருந்தால்தான், அந்தப் பெயரைச் சொன்ன கடைசிப் பாட்டி போன பிறகும் சொல் மிஞ்சும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் மொழியில் தேடினால் தங்கள் ஊர் கிடைக்காத வெப்சைட், ஊருக்கு வந்த விருந்தாளிக்கு மட்டும் திறக்கும் கதவு.

பணம் தருபவர்களிடம் மியூசியங்கள் கேட்க வேண்டியதும் நீளமான பட்டியல் இல்லை. முகவரி மியூசியத்தின் பெயரில் பதிவாக வேண்டும், பத்து ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். படங்களின் மூலப் பிரதி மியூசியத்தில் ஒன்று, மாவட்டத் தலைநகரின் கல்லூரியிலோ நூலகத்திலோ ஒன்று, வெளியூரில் ஒன்று. விவரங்கள் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் சாதாரணப் பட்டியலாகவும் இருக்க வேண்டும். பக்கங்கள் எளிமையாக இருக்கட்டும். ஆடாத அசையாத பக்கத்துக்குப் பராமரிப்புச் செலவு சொற்பம். 1996 முதல் இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் களஞ்சியத்தில் பக்கங்களைச் சேமிக்கக் காசு கேட்பதில்லை. யூனிகோட் எழுத்து. கடைசியாக, வெப்சைட் நின்றுபோனாலும் தலைக்கு மேல் இடி விழாதபடி, எல்லாவற்றையும் நல்ல காகிதத்தில் அச்சிட்டுக் கட்டிவைத்த ஒரு புத்தகம். டூம்ஸ்டே சொன்ன பாடம் அது.

இவற்றில் எதுவும் தொடக்க விழா மேடையில் பொத்தானை அழுத்திக் காட்டக்கூடியவை அல்ல. அளவுகோல் வைத்து எடுத்த படத்துக்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் என்றைக்காவது ஒரு வெளிநாட்டுச் சந்தையில், விலைச் சீட்டு தொங்கும் ஒரு சிலைக்கு முன்னால் நின்று, இது எங்கள் ஊருடையது என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது அவர் கையில் இருக்க வேண்டியது சுழலும் முகப்புப் படம் அல்ல. எண்ணும் தேதியும் அளவும் எழுதிய ஒரு வரியும், ஒரு புகைப்படமும். மானியத்தில் முதல் ரூபாய் அதற்குப் போகட்டும்.